குந்து மலசலகூடத்துக்கு ஒரு பலகை, சுவருக்கு ஒரு சக்கரம்: மகனைப் பழக்கிய செய்முறை

பம்பர்ஸ் (டயப்பர்) இல்லாமல் இருக்க எங்கள் மகனைப் பழக்குவதற்காக வீட்டில் செய்த மூன்று பொருள்களைப் பற்றிய பதிவு இது. குந்து மலசலகூடத்தின் மேல் வைக்கும் சிறு இருக்கைப் பலகை ஒன்று. தண்ணீர்ப் போத்தலில் வெட்டி எடுத்த சிறுநீர்த் தொட்டியும் அதற்குள் சுழலும் சக்கரமும் மற்றொன்று. சுவரில் ஒட்டிய பேருந்துப் பாதை மூன்றாவது. இந்த விடயத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, வீட்டுக்குள்ளேயே கொமட் (நாற்காலிபோல் இருந்து பாவிக்கும் கோப்பை) வைத்த குளியலறை இருப்பதாக எண்ணிக்கொண்டு சொல்லப்படுபவை. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதியில் எங்கள் வளவிலோ மலசலகூடம் வீட்டின் பின்புறம் தனியாக நிற்கிறது. அதற்குள் குந்துவதற்கான பீங்கான் கோப்பையும் ஒரு வாளியும் மட்டுமே உள்ளன. இருட்டினால் பல்லி சத்தமிடும். இரண்டரை வயதைத் தாண்டிய ஒரு பிள்ளைக்கு அந்த இடத்தில் விளையாட்டுக்கு உரியது எதுவும் இருக்கவில்லை.

தொடங்கும் காலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் மனைவியின் தாயார், அதாவது மாமி, பிள்ளை கழுத்து நின்ற காலத்திலேயே தன் இரு கால்களையும் நீட்டி, பாதங்களின் மேல் அவனை இருத்தி, வாயால் ‘உஸ்ஸ்’ என்று ஓசை எழுப்பி வெளிக்கு இருக்கப் பண்ணியவர். எங்கள் ஊர்ப் பாட்டிமார் எல்லோருக்கும் தெரிந்த அந்த வழக்கம் பயனற்றது அல்ல. ஓசைக்கும் செயலுக்கும் இடையே ஒரு தொடர்பு பிள்ளையின் உடலில் பதிந்துவிடுகிறது. ஆனால் அப்போது நேரம் பார்த்துப் பிடிப்பவர் பாட்டிதான். பிள்ளை தானாக உணர்ந்து, அடக்கி, சொல்லி, நடந்து போய், களிசானைக் கழற்றுவது வேறொரு படி. அதற்குப் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே தயாராகிறார்கள், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்துவதும் வழக்கமானது. இரண்டு மணித்தியாலம் வரை களிசான் நனையாமல் இருப்பது, ‘களிசானைக் கழற்றிப் போட்டுவிட்டு வாளியை எடுத்து வா’ என்பது போன்ற இரட்டைக் கட்டளையை விளங்கிச் செய்வது, நனைந்தால் அருவருப்புக் காட்டுவது ஆகிய அடையாளங்களைப் பார்த்துத் தொடங்குமாறு கிளினிக்கில் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரும் சொல்லியிருந்தார். இவை மூன்றும் தெரியும் வரை நாங்கள் பலகையை அறுக்கவில்லை.

பருவமும் முக்கியமானது. மட்டக்களப்பில் மாரி தொடங்கிவிட்டால் வளவு சேறாகும், கொடியில் போட்ட துணி நாட்கணக்கில் காயாது, பின்புறம் போவதற்குப் பெரியவர்களே தயங்குவார்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு களிசான் நனைந்தால் அது சற்று நேரத்தில் காய்ந்துவிடும். பிள்ளை அரைநாள் களிசான் இல்லாமல் திரிந்தாலும் கேட்பார் இல்லை. சித்திரைப் புத்தாண்டு முடிந்த பிறகு தொடங்கி மாரிக்கு முன் முடித்துக்கொள்வது எங்கள் கரைக்குப் பொருத்தமான கணக்கு.

குந்து மலசலகூடத்தில் பிள்ளையைப் பயமுறுத்துவது எது என்பதை அறிய, நான் அவன் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். பெரியவர்களுக்கென அமைந்த கால் வைக்கும் மேடைகள் இரண்டும் அவனுடைய கால்களுக்கு மிக அகலமாக விலகி இருக்கின்றன. காலை அகட்டினால் சமநிலை தவறுகிறது. கீழே தெரிவது இருண்ட துளை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் தசைகள் இறுகிய நிலையில் எந்தப் பிள்ளைக்கும் மலம் வராது. ஆகவே விளையாட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தப் பயத்தை நீக்க வேண்டியிருந்தது.

பலகைக்கு முக்கால் அங்குலத் தடிப்புள்ள வேப்பம் பலகைத் துண்டை எடுத்தேன். பிளைவூட் ஈரத்தில் ஊதிப் பிரியும் என்பதால் அதைத் தவிர்த்தேன். நடுவில் முன்பின்னாக நீண்ட முட்டை வடிவத் துளையை அறுத்து, ஓரம் முழுவதையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து உருட்டினேன். கோப்பையின் மேல் பாரம் விழாமல் இருக்க, அதன் இரு பக்கங்களுக்கும் வெளியே தரையில் ஊன்றும்படி இரண்டு கட்டைகளைக் காலாக அடித்தேன். இருக்கையின் உயரம் ஆறு முதல் ஏழு அங்குலம். இந்த அளவைக் கூட்டக் கூடாது, ஏனென்றால் பிள்ளையின் பாதம் முழுவதும் தரையில் பதிந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே நிற்கும்போதுதான் குடலின் கடைப்பகுதி நேராகி மலம் முக்காமல் இறங்கும். கொமட் உள்ள வீடுகளில் கால்கள் தொங்கிக்கொண்டிருப்பதே பல பிள்ளைகளுக்கு மலம் இறங்காமல் போகக் காரணம். அங்கே காலுக்கு ஒரு சிறு வாங்கு வைத்தால் போதும். பலகையின் முன் இரு மூலைகளிலும் அரை அங்குல எஸ்லோன் (பிவிசி) பைப்பை வளைவுகளோடு பொருத்திக் கைபிடி ஆக்கினேன். பிள்ளை அதை மோட்டார் சைக்கிளின் கைபிடியாகவே எடுத்துக்கொண்டான். முறுக்கிச் சத்தமிட்டபடி இருக்கும் பிள்ளைக்கு வயிறு தானாகவே இளகுகிறது என்பதைக் கண்ட பிறகு, அதில் ஒரு பழைய சைக்கிள் மணியையும் பூட்டினேன்.

ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இங்கே வருகிறது. இருந்தபடி சிறுநீர் கழிக்கும்போது அது துளையின் முன்விளிம்பைத் தாண்டிக் களிசானிலும் காலிலும் தெறிக்கும். கடைகளில் விற்கும் இருக்கைகளில் இதற்காகக் கடினமான பிளாஸ்ரிக் தடுப்பு இருக்கும். ஏறி இறங்கும்போது அது உறுப்பில் இடித்தால் பிள்ளை அதன் பிறகு அந்த இருக்கைக்குப் பக்கத்திலும் போக மாட்டான். நான் பழைய சைக்கிள் ரியூப்பை மடித்து, முன்விளிம்பில் மூன்று அங்குல உயரத்துக்கு வளையும் மடலாகப் பொருத்தினேன். இடித்தால் அது மடங்கிக் கொடுக்கும், தெறிப்பதைக் கீழே திருப்பும். கைபிடியைப் பிடிக்க அவன் சற்று முன்னால் சாய்வதும் இதற்கு உதவியது. பலகை முழுவதற்கும் மஞ்சள் எனாமல் பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசி, நன்றாகக் காய்ந்து மணம் போன பின்பே பாவனைக்கு வைத்தோம்.

இருத்தும் நேரத்தை உணவோடு சேர்த்துக்கொண்டோம். வயிற்றுக்குள் உணவு போனதும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால், காலைச் சாப்பாடு முடிந்து கால் மணித்தியாலத்துக்கும் அரை மணித்தியாலத்துக்கும் இடையே இருத்தினால் வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிடத்துக்கு மேல் இருத்தி வைப்பதில்லை. வந்தாலும் வராவிட்டாலும் எழும்பலாம். இந்த இடத்தில் மாமிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ‘இருந்து முக்கு மனே, அம்மம்மா கச்சான் தருவன்’ என்று அவர் கதவடியில் நின்று ஊக்குவிப்பார். முக்கச் சொல்லி வற்புறுத்தினால் பிள்ளை அடக்கப் பழகுவான், அடக்கிய மலம் இறுகும், இறுகிய மலம் அடுத்த முறை வலிக்கும், வலித்ததை நினைத்து மறுபடியும் அடக்குவான். இந்தச் சுழல் ஒரு முறை தொடங்கிவிட்டால் எந்த விளையாட்டும் அதை நிறுத்தாது. எனவே வாய்ச்சொல்லைக் குறைத்து, பப்பாசியையும் கீரையையும் தண்ணீரையும் கூட்டி, போத்தலில் குடிக்கும் பால்மாவின் அளவைக் குறைத்தோம். பால் அதிகமாகி மற்ற உணவு குறைந்தால் பல பிள்ளைகளுக்கு மலம் இறுகும். மாமி கச்சானை (நிலக்கடலையை) நிறுத்தவில்லை. ஆனால் அது மலசலகூடத்தோடு தொடர்பில்லாமல் பின்னேரத் தேநீரோடு கொடுக்கப்படுவதாக மாறியது. அந்த வயதில் முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும் என்பதால் அதையும் இடித்தே கொடுத்தார்.

விலை கொடுத்து வாங்கிய எதையும்விடப் பிள்ளையைக் கவர்ந்தது தண்ணீர் ஊற்றும் வேலை. நாங்கள் வாளியால் ஊற்றித்தான் கழுவுகிறோம் என்பதால், அவனுக்கென்று விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு சிறு சிவப்பு வாளி வாங்கிக் கொடுத்தோம். இருந்து எழும்பியவன் தானே ஊற்றலாம். கோப்பையில் இருந்தது சுழன்று மறைவதைத் தானே பார்க்கலாம். கொமட்டின் சத்தத்துக்குப் பயந்து அழும் பிள்ளைகள் பலர் உண்டு. இங்கே சத்தத்தை உண்டாக்குபவன் அவனே என்பதால் பயம் எழவே இல்லை. மகிழ்ச்சி பிள்ளையின் கைக்குள் இருக்க வேண்டும் என்பதே இந்த வேலை முழுவதிலும் நான் பிடித்துக்கொண்ட விதி. நாங்கள் கைதட்டுவதற்காக அவன் செய்வதல்ல, தான் செய்வதன் விளைவைத் தானே காண்பதுதான் நிலைத்து நிற்கிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: பெரிய வாளியில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு வரக் கூடாது. தலை கனமான சிறு பிள்ளை எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் அரை வாளித் தண்ணீரும் உயிரை எடுக்கும். கிணற்றுக்கட்டின் பக்கம் அவன் தனியாகப் போகாதபடி படலையும் போட்டோம்.

பேருந்துப் பாதை கடதாசி மட்டையில் செய்தது. மட்டக்களப்பில் தொடங்கி கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, பாண்டிருப்பு என்று கல்முனை வரை தரிப்பிடங்களை வரைந்து, ஒரு சிவப்பு மட்டைப் பேருந்தைக் கயிற்றில் கோத்தேன். ஒவ்வொரு முறை போய் இருந்து எழும்பும்போதும் பேருந்து ஒரு தரிப்பிடம் முன்னேறும். வெற்றிக்கு அல்ல, இருந்ததற்கே முன்னேற்றம். களிசானை நனைத்துவிட்டால் பேருந்து பின்னால் வராது. கல்முனை வந்து சேர்ந்தால் உண்மையான பேருந்தில் ஒரு பயணம். இனிப்பைப் பரிசாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இனிப்பு நின்ற நாளில் பழக்கமும் நிற்கும், பல்லும் கெடும். பேருந்து விளையாட்டில் இன்னொரு நன்மையும் கிடைத்தது, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை பதினான்கு ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லக் கற்றான்.

சக்கரத்துக்கு இப்போது வருகிறேன். இதை நான் முதலில் கொடுக்கவில்லை. சிறுநீரும் மலமும் இந்த வயதில் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். நின்று கழிக்கும் சுவையை முதலில் காட்டிவிட்டால் பிள்ளை பிறகு இருக்க மறுப்பான். இருந்து பழகி, பகலில் களிசான் நனைவது அரிதான பிறகே போத்தலைச் சுவரில் ஏற்றினேன்.

ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும். பின்சுவர் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருக்கும். வாய்ப்பகுதி கீழே வந்து வடிகாலாகும். வெட்டிய விளிம்பு கத்திபோல் இருப்பதால், மீன்தொட்டிக் காற்றுக் குழாயை நீளவாக்கில் பிளந்து அந்த விளிம்பு முழுவதும் செருகினேன். மூடியில் துளையிட்டு ஒரு குழாயைச் சிலிக்கனால் ஒட்டி, அது மலசலகூடக் கோப்பைக்குள் முடியும்படி சாய்வாக இறக்கினேன். குழாய் எங்கும் தொய்ந்து நிற்கக் கூடாது. தொய்வில் தண்ணீர் தங்கினால் நாற்றமும் வரும், நுளம்பும் முட்டையிடும். வெளியே மணலில் விட்டால் போதாதா என்று பக்கத்து வளவு நண்பர் கேட்டார். எங்கள் கரையோர மணலில் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கிறது. மேலே ஊற்றியது எந்தத் தடையும் இல்லாமல் கிணற்று நீரோடு சேரும். தென்னை மரத்தடியில் நின்று வளர்ந்த தலைமுறைதான் நாங்களும், ஆனால் அன்று வளவுகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கவில்லை.

சக்கரத்தை யோகட் கப்பில் செய்யலாம். கப்பின் சுவரை மேலிருந்து அடி வரை எட்டு இடங்களில் வெட்டி, கீற்றுகளை வெளியே விரித்து, ஒவ்வொன்றையும் ஒரே திசையில் சற்று முறுக்கினால் காற்றாடி வடிவம் கிடைக்கும். நடுவில் சூடாக்கிய ஆணியால் துளையிட்டு, அதற்குள் வெற்றுப் பேனைக் குழாயின் சிறு துண்டைச் செருகி, அதன் ஊடாக ஒரு மெல்லிய போல்ற்றை விட்டுப் போத்தலின் பின்சுவரில் பூட்ட வேண்டும். போல்ற் துருப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். சாதாரண இரும்பைச் சிறுநீரின் உப்பு விரைவில் தின்றுவிடும். தடித்த பிளாஸ்ரிக் இதற்கு உதவாது. ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை கொள்ளும் அளவை மதிப்பிட, வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கும் எளிய கணக்கு ஒன்றை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன்படி மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்தான். அந்தச் சிறிய தாரை சுழற்றக்கூடிய அளவு மெல்லிய பொருள் யோகட் கப்தான். ஓரத்தில் பட்டால் சக்கரம் சுழலும், நடுவில் பட்டால் நிற்கும். குறி பார்க்க வேறு பாடம் தேவையில்லை.

போத்தலின் முன்விளிம்பு பிள்ளையின் கவட்டு உயரத்துக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருக்க வேண்டும். நேராகச் சுவரில் அடிக்காமல், வரிசையாகத் துளைகள் இட்ட ஒரு பலகையை அடித்து அதில் போத்தலைக் கொழுவினேன். வளர வளர உயர்த்தலாம், கழற்றிக் கழுவவும் எளிது.

சக்கரம் சுழலாத நேரத்துக்கும் ஓர் இலக்கு இருக்கட்டும் என்று பின்சுவரில் அழியாத மார்க்கர் பேனையால் ஒரு மீனை வரைந்தேன். அதைக் கண்ட மாமி, பாடும்மீனை வைத்துப் பெயர் வாங்கிய மட்டக்களப்பில் மீனின் மேலா பிள்ளையைச் சிறுநீர் கழிக்கப் பண்ணுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீனை மதுசாரத்தால் அழித்துவிட்டு நுளம்பை வரைந்தேன். டெங்குக் காலத்தில் நுளம்பின் மேல் ஊரில் யாருக்கும் இரக்கம் இல்லை, பிள்ளைக்கோ அது தினமும் கடிக்கும் எதிரி. இந்த உத்தி புதிதும் அல்ல. ஆம்ஸ்ரர்டாமின் சிபோல் விமான நிலையத்தில் ஆண்களின் சிறுநீர்க் கோப்பைகளில் 1990களில் ஓர் ஈயின் உருவத்தைப் பொறித்தார்கள். வளர்ந்த ஆண்களும் அதைக் கண்டதும் குறி பார்த்தார்கள், தரையில் சிந்துவது குறைந்தது.

கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அவனே தன் சிவப்பு வாளியால் ஊற்றுவான். கிழமைக்கு ஒரு முறை போத்தலைக் கழற்றி, வினாகிரி கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் மஞ்சள் படிவு இளகும். குளோரின் கலந்த கழுவும் திரவத்தை இதில் ஊற்றக் கூடாது. சிறுநீரின் அமோனியாவோடும் வினாகிரியோடும் சேர்ந்தால் அது நச்சு வாயுவை வெளியிடும், சிறிய மலசலகூடத்துக்குள் அது ஆபத்தானது.

சக்கரம் வந்த முதல் கிழமையில், ஒரு சொட்டுக் கிடைத்தாலும் போதும் என்று அவன் ஓடிக்கொண்டே இருந்தான். அது விளையாட்டு என்பது தெளிவாகத் தெரிந்ததால் விட்டுவிட்டோம். ஆனால் அடிக்கடி போவதோடு எரிவு, காய்ச்சல், மணம் மாறுதல் ஆகியவை சேர்ந்தால் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும். முன்தோலைப் பின்னால் இழுத்துக் கழுவச் சொல்லும் பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. இந்த வயதில் அது இயல்பாகவே ஒட்டியிருக்கும், வலிந்து இழுத்தால் கிழியும், வெளிப்புறம் கழுவினால் போதுமானது. காத்தான்குடியில் உள்ள ஒரு நண்பர் இதே போத்தலைத் தன் மகனுக்குச் செய்ய அளவு கேட்டபோது, சுன்னத்துச் செய்யும் நாள் நெருங்கியிருந்தால் காயம் முழுதாக ஆறிய பிறகு தொடங்குவது நல்லது என்று சொன்னேன். உடையைப் பொறுத்தவரை இலாஸ்ரிக் வைத்த களிசான் மட்டுமே. சிப் வைத்தது இந்த வயதுக்கு ஆபத்து. கொமட் உள்ள வீட்டுக்குப் போனால், நின்று கழிக்கும் பிள்ளையின் மேல் மூடி விழாமல் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சில கிழமைகளில் சக்கரத்தின் மேல் இருந்த ஆர்வம் குறைந்தது. ஒரு கீற்று உடைந்தபோது நான் புதிது செய்யாமல் விட்டேன், அவனும் கேட்கவில்லை. முன்பள்ளியில் பலகையும் இருக்காது, சக்கரமும் இருக்காது என்பதால், அப்பம்மா வீட்டிலும் கோயில் திருவிழாவுக்குப் போன இடத்திலும் வேண்டுமென்றே வேறு மலசலகூடங்களுக்குக் கூட்டிச் சென்றோம். வீட்டில் பலகையை எடுத்துவிட்டு, கால் வைக்கும் இடத்தில் அவனுடைய பாதத்தின் அச்சை மஞ்சள் பெயின்ற்றால் பதித்தோம். கைபிடிக்குப் பதிலாகச் சுவரில் எஸ்லோன் பைப்பில் ஒரு பிடி. இப்போது அதைப் பிடித்துக் குந்துகிறான்.

இரவைப் பற்றி எந்த விளையாட்டும் செய்யவில்லை. தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஓமோன் போதிய அளவு சுரக்கத் தொடங்குவதும், நிறைந்த சிறுநீர்ப்பை பிள்ளையை எழுப்புவதும் உடல் வளர்ச்சியால் வருபவை, பழக்குவதால் வருபவை அல்ல. படுக்கும் முன் ஒரு முறை கூட்டிப் போகிறோம், பாய்க்கு மேல் றப்பர் சீலை விரிக்கிறோம், பம்பர்ஸ் இரவுக்கு மட்டும் தொடர்கிறது. ஐந்து வயது வரை இது கவலைப்பட வேண்டியதே அல்ல. ஏழு வயதிலும் நீடித்தாலோ, பல மாதம் நனையாமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடியும் நனைக்கத் தொடங்கினாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.